இறங்க முடியாவிட்டால் எங்கே போவது?

டெல்லியிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. ஏறியிருக்கும் எல்லாருடைய பயணச்சீட்டிலும் சென்னை என்றுதான் இருக்கிறது. ஆனால், விமானியின் பயணத் திட்டத்தைப் பார்த்தால் சென்னையோடு இன்னொரு ஊரின் பெயரும் இருக்கும். அது பெங்களூராகவோ திருச்சியாகவோ ஹைதராபாத்தாகவோ இருக்கலாம். அதுதான் மாற்று விமான நிலையம். விமானத்துறையில் வேலை பார்ப்பவர்கள் அதை ‘ஆல்டர்னேட்’ என்பார்கள்.

சென்னையில் புயலோ மூடுபனியோ வந்து இறங்க முடியாமல் போனால் எங்கே போவது? நடுவானில் பறந்துகொண்டே இதை யோசிக்கத் தொடங்கினால் நேரமும் போகும், எரிபொருளும் தீரும். அதனால் பெரும்பாலான பயணங்களில் தரையில் இருக்கும்போதே விடையை எழுதிவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. எழுதினால் மட்டும் போதாது. அந்த ஊர் வரை போவதற்கான எரிபொருளையும் நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

சரி, எந்த ஊர் என்று எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? பக்கத்தில் இருக்கும் ஊரை எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? வாருங்கள், பார்ப்போம்.

இரண்டு வானிலைக் குறிப்புகள்

விமான நிறுவனங்களில் ‘டிஸ்பேட்சர்’ என்று ஒருவர் இருப்பார். விமானம் எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளுடன் போக வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் வேலை. அவர் முன்னால் இரண்டு வகைக் குறிப்புகள் இருக்கும்.

ஒன்று ‘மெட்டார்’. விமான நிலையத்தில் இப்போது வானிலை எப்படி இருக்கிறது என்று சொல்வது. காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, எத்தனை மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, வெப்பநிலை எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு எல்லாம் அதில் ஒரே வரியில் அடங்கிவிடும். பெரிய விமான நிலையங்களில் அரை மணிக்கு ஒரு முறை புதிய மெட்டார் வரும்.

மற்றொன்று ‘டாஃப்’. இனி வானிலை எப்படி மாறும் என்று சொல்வது. அடுத்த 24 அல்லது 30 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு அது. டிஸ்பேட்சருக்கு மிக முக்கியமானது இதுதான். ஏனென்றால், விமானம் புறப்படும்போது சென்னை எப்படி இருக்கிறது என்பதைவிட, போய்ச் சேரும்போது எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. பொதுவாக, போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை வானிலை எப்படி என்று பார்ப்பார்கள்.

இரண்டு எண்கள் நெருங்கினால்

மெட்டாரில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அதன் பெயர் பனிநிலை. அது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் நீர்த்துளிகள் முத்து முத்தாகப் படியும். உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்து வெளியே வரவில்லை. டம்ளரைச் சுற்றியுள்ள காற்று குளிர்ந்தது. அதிலிருந்த நீராவி துளியாகிவிட்டது. காற்றை எந்த வெப்பநிலை வரை குளிரவைத்தால் இப்படித் துளி உண்டாகத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை.

மாலையில் வெப்பநிலை 27, பனிநிலை 21 என்று மெட்டாரில் இருந்தால் கவலையில்லை. இரவு முழுக்கத் தரை குளிர்ந்து, விடியற்காலை 4 மணிக்கு 22, 21 என்று வந்தால் டிஸ்பேட்சர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டு எண்களும் ஒன்றாகும்போது காற்றிலேயே கோடிக்கணக்கான நுண்துளிகள் உண்டாகி மூடுபனி இறங்கலாம். 1,000 மீட்டருக்கு அப்பால் கண் தெரியவில்லை என்றால்தான் அதை மூடுபனி என்று வானிலையாளர்கள் குறிப்பார்கள்.

நுண்துளி உண்டாக அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். காற்றில் மிதக்கும் தூசியும் புகைத் துகளும்தான் அந்தப் பிடிமானம். இப்போது போகிப் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். ஜனவரி மாதத்துக் குளிர்ந்த விடியல். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த மேல் அடுக்கு ஒரு மூடியாகிவிடுவதால் எரியும் பாயின் புகையும் டயரின் புகையும் மேலே போக முடியாமல் தரையோடு தங்கிவிடும். புகைத் துகள்கள்மேல் நீராவி படிந்து, ஊரே வெள்ளையாகிவிடும். 2018ஆம் ஆண்டு போகி அன்று காலை சென்னை விமான நிலையத்தில் இதுதான் நடந்தது. பல விமானங்கள் தாமதமாயின. சென்னைக்கு வந்த சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

போகி அன்று சென்னைக்கு மாற்றாகப் பெங்களூரை எழுதலாமா? நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர்தான். ஆனால், பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. அங்கும் குளிர்கால விடியலில் மூடுபனி இறங்கும். சென்னையில் புகையால் ஓடுபாதை மறையும் அதே நேரத்தில் பெங்களூரில் பனியால் மறையலாம். அதனால் பெங்களூரின் டாஃபையும் பார்க்க வேண்டும். அதுவும் சந்தேகமாக இருந்தால் திருச்சியையோ ஹைதராபாத்தையோ பார்க்க வேண்டும். சில சமயம் இரண்டு மாற்று ஊர்களை எழுதுவதும் உண்டு.

எரிபொருளின் ஐந்து பங்குகள்

விமானத்தில் எரிபொருளை லிட்டரில் கணக்கிடாமல் கிலோவில் கணக்கிடுவார்கள். வெப்பம் கூடினால் எரிபொருள் விரிந்து லிட்டர் அளவு மாறும், எடை மாறாது.

ஏர்பஸ் ஏ320 வகை விமானம் ஒன்று வானில் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 2,500 கிலோ எரிபொருளைக் குடிக்கும். டெல்லி–சென்னை பயணத்துக்கு அது நிரப்பிக்கொள்ளும் எரிபொருளில் முக்கியமாக ஐந்து பங்குகள் உண்டு.

முதல் பங்கு, ஓடுபாதை வரை தரையில் ஊர்ந்து செல்ல. இரண்டாவது, சென்னை வரை பறக்க. மூன்றாவது, எதிர்காற்று, சுற்றுவழி போன்ற எதிர்பாராத செலவுகளுக்கு. பொதுவாக இது பயண எரிபொருளில் 5 சதவீதம். நான்காவது, சென்னையில் இறங்க முடியாமல் மறுபடி மேலேறி மாற்று ஊருக்குப் போக. ஐந்தாவது, அங்கே போன பிறகும் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமடிக்க.

இந்த ஐந்தாவது பங்கைத் தொடாமலே இறங்குவதுதான் விமானியின் குறிக்கோள். அதில் கைவைக்க வேண்டி வரும் என்று தெரிந்த உடனேயே ‘மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்’ என்று அறிவித்துவிட வேண்டும். கட்டுப்பாட்டு நிலையம் மற்ற விமானங்களை ஒதுக்கி வழிவிடும்.

அப்படியானால் தொட்டியை முழுக்க நிரப்பிக்கொண்டு போகலாமே? கூடுதல் எரிபொருளும் கூடுதல் எடைதான். அதைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றியதில் மணிக்கு 3 முதல் 4 சதவீதம், அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். அதனால்தான் மாற்று ஊரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தேவையானதை அளந்து ஏற்றுகிறார்கள்.

ஒரே கரை, ஒரே மழை

2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சிக்கு ஒரு விமானம் வந்தது. விடியற்காலை. ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. மூன்று முறை முயன்றும் இறங்க முடியாமல் திருவனந்தபுரத்துக்குப் போனது. அங்கேயும் ஓடுபாதை தெரியவில்லை! பல முறை முயன்று, எரிபொருள் மிகவும் குறைந்துவிட்ட நிலையில் கடைசியில் இறங்கியது. நல்லவேளையாக எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கொச்சி, திருவனந்தபுரம் இரண்டும் மேற்குக் கடற்கரை ஊர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து ஈரமான தென்மேற்குப் பருவக்காற்று இரண்டு ஊர்களுக்கும் வருகிறது. அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து மழையாகும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று சூடாகி உலர்ந்துவிடும். மலையின் அந்தப் பக்கத்தில் இருப்பதுதான் கோயம்புத்தூர். கொச்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். திருவனந்தபுரமோ 190 கிலோமீட்டருக்கு மேல்.

கேரளக் கரை முழுவதும் மழையில் மறைந்திருக்கும் நாளிலும் கோவையில் ஓடுபாதை தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கோவை என்று எழுதிவிட முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பலமாக வீசும் மாதங்கள் அவை. அதனால் கோவையின் காற்று வேகத்தையும் டாஃபில் பார்த்த பிறகே முடிவு.

மாற்று ஊர் தேர்வில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதைத்தான்: தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. போக வேண்டிய ஊரைக் கெடுக்கும் அதே வானிலை மாற்று ஊரையும் கெடுத்துவிடுமா என்று பார்க்க வேண்டும். அதற்குக் காற்றும் மலையும் கடலும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாற்றே இல்லாத தீவு

பசிபிக் பெருங்கடலில் ஈஸ்டர் தீவு இருக்கிறது. சிலி நாட்டுக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால். சுற்றிலும் கடல்தான், பக்கத்தில் வேறு விமான நிலையமே கிடையாது. இப்படித் தனித்திருக்கும் இடங்களுக்குப் போகும் ஜெட் விமானங்கள், மாற்று ஊருக்கான எரிபொருளுக்குப் பதிலாகத் தீவின்மேலேயே இரண்டு மணி நேரம் காத்திருக்கும் அளவு எரிபொருள் கொண்டுபோக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. வழியில் ஓரிடத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது. அந்த இடத்துக்கு முன்பே தீவின் வானிலையைக் கேட்டு, போவதா திரும்புவதா என்று விமானி முடிவெடுத்துவிடுவார்.

இப்போது நீங்கள்தான் டிஸ்பேட்சர்!

கேள்வி 1: நவம்பர் மாதம். வங்கக் கடலில் உருவான புயல் சென்னையை நெருங்குகிறது. உங்கள் ஏ320 விமானத்துக்கு மாற்று ஊர் புதுச்சேரியா, கோவையா?

கேள்வி 2: டிசம்பர் கடைசி. டெல்லியிலும் கங்கைச் சமவெளியிலும் அடர்ந்த மூடுபனி. டெல்லிக்கு மாற்றாகச் சுமார் 420 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள லக்னோவா, சுமார் 760 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அகமதாபாத்தா?

விடை 1: கோவை. புதுச்சேரி பக்கம்தான், ஆனால் அதே கடற்கரை, அதே புயல். தவிர, அங்கே ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களுக்குத்தான் அது ஏற்றது.

விடை 2: அகமதாபாத். லக்னோ அதே சமவெளியில், அதே பனிக்குள் இருக்கிறது. தூரம் கூடுவதால் நான்காவது பங்கு எரிபொருளைக் கூட்டி நிரப்ப மறந்துவிடாதீர்கள்!

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் செயற்கைக்கோள் மேகப் படங்கள் தினமும் வெளியாகின்றன. பெரியவர்கள் துணையோடு பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து விமான நிலையத்துக்கு இன்று எந்த ஊர் நல்ல மாற்று என்று காரணத்தோடு எழுதிப் பாருங்கள்.

மோசமான வானிலையால் ஒரு விமானம் வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டதாகச் செய்தி வந்தால், பயணிகள் அலுத்துக்கொள்வார்கள். வீடு போய்ச் சேரத் தாமதமாகிறதே என்று வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் உங்களுக்கு இப்போது உண்மை தெரியும்: அந்த விமானம் பத்திரமாக இறங்கியிருக்கிறது என்றால், அது கிளம்பும் முன்பே யாரோ ஒருவர் வரைபடத்தையும் வானிலையையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, சரியான ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த வேலையை நாளைக்கு உங்களில் ஒருவரும் செய்யலாம்.