பணி அதிருப்தியும் தொழில்வாழ்வு மேலாண்மையும்

பணி அதிருப்தி என்பது ஒருவர் தாம் பார்க்கும் வேலையின் மீதோ, அவ்வேலை நடைபெறும் சூழலின் மீதோ தொடர்ந்து கொள்ளும் மனக்குறை ஆகும். ஓரிரு நாள் சலிப்பும், மேலதிகாரியுடன் எப்போதாவது ஏற்படும் வாக்குவாதமும் இதில் அடங்கா. வேலையை விடுவதா, தொடர்வதா என்ற ஒரே கேள்வியாகவே பலரும் இதனை அணுகுகின்றனர். குறை எதில் உள்ளது என்று பிரித்தறியாமல் விலகுபவர், அதே குறையைப் புதிய இடத்திலும் சந்திக்க நேரிடலாம்.

காரணங்களைப் பிரித்தறிதல்

அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்காணல் செய்து, அதன் முடிவுகளை 1959 இல் நூலாக வெளியிட்டனர். இதிலிருந்து உருவானது 'இரு காரணிக் கோட்பாடு' எனப்படுகிறது. இதன்படி, வேலையில் நிறைவு தருபவையும் அதிருப்தி தருபவையும் வெவ்வேறானவை.

* சூழல் காரணிகள்: சம்பளம், மேற்பார்வை, நிறுவன விதிமுறைகள், பணியிட வசதிகள், சக பணியாளர் உறவு. இவை குறைந்தால் அதிருப்தி தோன்றும். சரியானால் அதிருப்தி நீங்கும்.
* ஊக்கக் காரணிகள்: சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, முன்னேற்றம், வேலையின் தன்மை. மனநிறைவைத் தருபவை இவையே.

எனவே, செய்யும் வேலையே பிடிக்காத ஒருவருக்குச் சம்பள உயர்வு சில காலமே ஆறுதல் தரும். மாறாக, வேலை பிடித்திருந்தும் சம்பளமோ மேற்பார்வையோ சரியில்லாத ஒருவர் துறையையே மாற்ற வேண்டியதில்லை. நிறுவனத்தையோ பிரிவையோ மாற்றினால் போதும். மனிதர்கள் வெற்றிக்குத் தம்மையும் தோல்விக்குச் சூழலையும் காரணமாகக் காட்டும் இயல்புடையவர்கள் என்பதால், நேர்காணலை மட்டும் நம்பிய இக்கோட்பாடு விமர்சனத்திற்கும் உள்ளானது. தன் குறைகளைப் பட்டியலிடுபவரும் இவ்வியல்பை நினைவில் கொள்வது நல்லது.

நான்கு எதிர்வினைகள்

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970 இல் எழுதிய நூலில் விலகல், குரல் எழுப்புதல், விசுவாசம் ஆகியவற்றை ஆராய்ந்தார். பின்வந்த ஆய்வாளர்கள் இவற்றுடன் 'புறக்கணிப்பு' என்பதையும் சேர்த்துப் பணி அதிருப்திக்குப் பொருத்தினர்.

* விலகல்: வேறு வேலைக்குச் செல்லுதல்.
* குரல் எழுப்புதல்: குறையை உரியவரிடம் சொல்லித் தீர்வு கேட்டல்.
* விசுவாசம்: நிலைமை சீராகும் என்று பொறுத்திருத்தல்.
* புறக்கணிப்பு: வேலையில் இருந்துகொண்டே அக்கறை காட்டாதிருத்தல்.

இவற்றுள் பணியாளருக்கு மிகுந்த இழப்பைத் தருவது புறக்கணிப்பு. அவர் புதிதாக எதையும் கற்பதில்லை, நற்பெயரும் குறைகிறது, அடுத்த வேலைக்குப் பரிந்துரைப்பவர்களும் இல்லாமல் போகின்றனர். குரல் எழுப்பும்போது, "வேலை அதிகம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தப் பணி எத்தனை மணி நேரம் எடுக்கிறது, எதனை மாற்றலாம் என்று குறிப்பிட்டுக் கேட்பது பயன் தரும்.

இருக்கும் பணியை மாற்றியமைத்தல்

எமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் ஆகியோர் 2001 இல் வெளியிட்ட கட்டுரை, பணியாளர்கள் தம் வேலையைத் தாமே மாற்றியமைத்துக்கொள்வதை விளக்கியது. செய்யும் பணிகள், பழகும் மனிதர்கள், வேலையைப் பார்க்கும் பார்வை ஆகிய மூன்றிலும் இம்மாற்றம் நிகழலாம். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களுள் சிலர் தம் வேலையைத் தரை துடைப்பதாக மட்டும் கருதினர். வேறு சிலர் நோயாளிகளுடன் பேசி, அவர்கள் குணமடைவதில் தமக்கும் பங்குண்டு என்று கருதினர். எனினும், குறைந்த சம்பளத்தையோ அவமதிப்பையோ சகித்துக்கொள்வதற்கான காரணமாக இதனைக் கொள்ளக்கூடாது.

பொறுத்திருக்கக் கூடாத நிலைகள்

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பணிசார்ந்த மனச்சோர்வை நோயாக அல்லாமல், தொழில்சார் நிகழ்வாகக் குறிப்பிடுகிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகியவை இதன் மூன்று கூறுகள். தூக்கமின்மையோ தொடர் மனச்சோர்வோ இருப்பின், முதலில் மருத்துவரை அணுக வேண்டும்.

பாலியல் துன்புறுத்தலும் வெறும் பணி அதிருப்தி அன்று. இந்தியாவில் 2013 ஆம் ஆண்டின் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பொதுவாக 3 மாதங்களுக்குள் அக்குழுவிடம் எழுத்து மூலம் முறையிடலாம்.

விலகும் முன் கணக்கிட வேண்டியவை

இந்தியாவில் அமைப்புசார்ந்த துறையில் பணிபுரிவோர், விலகும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் கொள்ள வேண்டும்.

* பணிக்கொடை: நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக 5 ஆண்டுத் தொடர் பணி தேவை. ஓர் ஆண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என்ற அளவில், மாத ஊதியத்தை 26 ஆல் வகுத்து இது கணக்கிடப்படுகிறது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் பெறுபவருக்கு 5 ஆண்டு முடிவில் 75,000 ரூபாய் கிடைக்கும். நான்காம் ஆண்டு முடிந்தவுடன் விலகினால் கிடைக்காது.
* வருங்கால வைப்பு நிதி: 5 ஆண்டுத் தொடர் பணிக்கு முன் எடுக்கும் தொகை பொதுவாக வருமான வரிக்கு உட்படும். புதிய நிறுவனத்தின் கணக்கிற்கு மாற்றினால் பணிக்காலம் தொடர்ந்து கணக்கிடப்படும். மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்பதாலும் மாற்றுவதே நன்மை தரும்.
* அறிவிப்புக் காலம்: எத்தனை நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், தவறினால் எவ்வளவு ஊதியம் பிடிக்கப்படும் என்பன நியமன ஆணையில் இருக்கும்.
* கைச்சேமிப்பு: வாடகை, கடன் தவணை, வீட்டுச் செலவு ஆகியவற்றைக் கூட்டி, எத்தனை மாதம் சம்பளமின்றிச் சமாளிக்க முடியும் என்று பார்க்க வேண்டும். அடுத்த வேலையின் நியமன ஆணை கைக்கு வரும்வரை விலகல் கடிதம் தராதிருப்பது பாதுகாப்பானது.

விலகும்போது பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். புதிய நிறுவனம் பணி அனுபவத்தைச் சரிபார்க்கும்போது இவையே சான்றாகும்.