கலோரிக் கணக்குச் செயலிக்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரிடம், உண்ணும் அளவைக் கவனிக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். வீடு திரும்பியதும், பிள்ளைகள் கைப்பேசியில் கலோரி கணக்கிடும் செயலி ஒன்றைப் பதிவிறக்கித் தருகின்றனர். இலவசமாகத் தொடங்கும் அச்செயலி சில நாட்களில் சந்தா கேட்கிறது. மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் மாதந்தோறும் செலவிடும் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. அப்பணத்திற்கு என்ன கிடைக்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

நம் நாட்டு உணவுகளின் சத்துக் கணக்கு நீலகிரியில் தொடங்கியது என்பது பலரும் அறியாத செய்தி. 1918-இல் இராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுப் பிரிவு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அங்கு இயக்குநராக இருந்த ஐக்ராய்டு, 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறிய அக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017-இல் அந்நிறுவனம் 528 உணவுப் பொருள்களுக்கு விரிவான அட்டவணையை வெளியிட்டது. ‘நியூட்ரிஃபை இந்தியா நவ்’ என்னும் இலவசச் செயலியையும் அது உருவாக்கியுள்ளது. ஆகவே, அடிப்படை எண்களுக்காக எவரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

எனினும், அந்த அட்டவணை பெரும்பாலும் அரிசி, பருப்பு, காய் போன்ற சமைக்காத பொருள்களுக்கானது. சமைத்த உணவின் கலோரி ஒரு மதிப்பீடே. நம் காஞ்சிபுரம் இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் அந்த இட்லியில் நெய்யோ நல்லெண்ணெயோ சேர்கிறது. மிளகும் சீரகமும் சுக்கும் கலக்கின்றன. அதில் ஒரு துண்டை உண்டுவிட்டுச் செயலியில் ‘இட்லி 1’ என்று பதிந்தால், கிடைப்பது வேறோர் இட்லியின் கணக்கு. சந்தா கட்டினாலும் உங்கள் வீட்டுக் குழம்பில் எத்தனைக் கரண்டி எண்ணெய் ஊற்றினார்கள் என்பதைச் செயலி அறியாது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரிடம் நடந்து, 2008-இல் வெளியான ஆய்வொன்றில், உண்டதை நாள்தோறும் எழுதி வைத்தவர்கள், எழுதாதவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு எடை குறைத்தனர். 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடல் எடை மிகுந்த 212 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ‘மைஃபிட்னஸ்பால்’ என்னும் செயலியின் இலவசப் பதிப்பு அறிமுகப்படுத்தப்பட்டது. ஆறு மாதம் கழித்து இரு பிரிவினரின் எடையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதல் மாதத்திற்குப் பின் பெரும்பாலோர் செயலியைத் திறப்பதே அரிதாயிற்று.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பயன் தருவது விடாமல் எழுதும் பழக்கம். கருவி எதுவாயினும், எழுதுவதை நிறுத்தினால் பயனும் நின்றுவிடுகிறது. பணம் கட்டினால் விடாமல் எழுதுவோம் என்று சிலர் எண்ணலாம். முதலில் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். அதைக் கைவிடாதவருக்குச் செயலியும் உதவலாம்.

சந்தாவில் கிடைக்கும் வசதிகள் நமக்குப் பொருந்துமா என்பதும் கேள்வியே. 2022-இல் மைஃபிட்னஸ்பால், பொட்டலங்களின் பட்டைக்குறியீட்டை வருடும் வசதியைக் கட்டணப் பிரிவுக்கு மாற்றியது. பொட்டல உணவே பெரிதும் உண்பவருக்கு அது தேவைப்படலாம். வீட்டில் சமைத்த கூட்டுக்கும் கீரைக்கும் பட்டைக்குறியீடு ஏது?

மளிகைச் சீட்டே போதும்

நான்கு பேர் உள்ள குடும்பம் மாதம் 3 லிட்டர் எண்ணெய் வாங்கினால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மில்லி. அதுவே ஏறத்தாழ 200 கலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 5 கிராம், 20 கலோரி. இரண்டு தேக்கரண்டி வீதம் நாளுக்கு மூன்று முறை தேநீர் அருந்தினால் 30 கிராம், 120 கலோரி. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தல் நலம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தறியில் நெடுநேரம் அமர்ந்து நெய்பவர், இடையிடையே அருந்தும் தேநீரைக் கணக்கிட்டாலே எதைக் குறைக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர், செயலி சொல்லும் இலக்குக்காக உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சிறுநீரக நோயாளிக்குக் கலோரியைவிட உப்பும் பொட்டாசியமும் புரதமும் முக்கியம். கர்ப்பிணிகள், குழந்தைகள், காசநோய் அல்லது புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், தாமாக எடை குறைந்துவரும் முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தலாகாது.

கட்டுவதெனில் எப்படி?

மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவருக்கு, தகுதி பெற்ற உணவியல் நிபுணருடன் நேரில் உரையாடும் வாய்ப்பைத் தரும் சந்தா பயன் தரலாம். அவரிடம் உங்கள் நோயையும் மருந்துகளையும் முழுமையாகத் தெரிவியுங்கள். ஓராண்டுக்குக் கட்டாமல் ஒரு மாதத்திற்கு மட்டும் கட்டுங்கள். இலவசக் காலம் முடியும் நாளைக் குறித்து வையுங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதால் மட்டும் சந்தா நிற்காது; சந்தாப் பட்டியலுக்குச் சென்று தனியே ரத்து செய்ய வேண்டும். உடல்நல விவரங்களைப் பதியுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: 2018-இல் மைஃபிட்னஸ்பாலின் ஏறத்தாழ 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டன.

பெரும்பாலான குடும்பங்களுக்கு எமது பரிந்துரை இதுவே: சந்தாப் பணத்தை உரிய காலத்தில் செய்யும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் காய்கறிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் வரும்போது, முந்தைய ஏழு நாட்களில் உண்டதையும் பருகியதையும் மறைக்காமல் எழுதிய தாளைக் கொண்டு வாருங்கள். அதை வைத்துக்கொண்டு உங்களுக்கென உணவுத் திட்டம் வகுப்பது எளிது.