ஒற்றைக் கண்ணால் நோக்கும் முறை

மாந்தர்க்குக் கண்கள் இரண்டு. அவற்றாற் பெறப்படும் காட்சியோ ஒன்று. இவ்வியற்கைக்கு மாறாக, முக்காலியில் நிறுத்தப்படும் நிலத்தொலைகாட்டியைக் கையாள்வோர் ஒரு கண்ணாலேயே நெடுநேரம் நோக்க வேண்டியவராகின்றனர். மன்னார் மாவட்டத்தில், 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வங்காலைப் பகுதியின் நீர்ப்பரப்பிலே, பூநாரைகளைக் கணக்கிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேய்மையில் நெருங்கி நிற்கும் பறவைகளைப் பிழையின்றி எண்ணுதற்குப் பொறுமையும் அமைதியான பார்வையும் வேண்டும். மற்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டவர்க்கோ சிறிது நேரத்தில் இமை துடிக்கும், நெற்றி நோகும், கணக்கும் தவறும். இக்குறை கருவியினது அன்று; நோக்கும் முறையினதேயாம்.

ஒரு கண்ணை வலிந்து மூடும்போது அதனைச் சூழ்ந்த தசை ஓய்வின்றிச் சுருங்கி நிற்கின்றது. அவ்விறுக்கம் திறந்த கண்ணின் இமையையும் பற்றுகின்றது. ஆகவே, இரு கண்களையும் திறந்து வைத்திருத்தலே தக்கது. இரு வேறு காட்சிகள் கலந்து குழப்பம் விளையாதோ எனின், மூளை ஒன்றனை ஏற்று மற்றதனை ஒதுக்கும் இயல்புடையது. இத்தாலிய அறிஞர் போர்த்தா, 1593இல் வெளியான ஒளிமுறிவு பற்றிய தம் நூலில், கண்ணுக்கு ஒன்றாக இரு நூல்களை எதிரே வைத்தால் ஒரு நேரத்தில் ஒன்றனையே படிக்கலாகும் என்பதைக் குறித்துள்ளார்.

எனினும், ஒளியும் உருவத் தெளிவும் மிக்க காட்சியே பெரும்பாலும் மேலோங்கும். ஆதலால், பயிலத் தொடங்குவோர் ஓய்ந்திருக்கும் கண்ணின் முன் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்தல் நன்று. கண்ணை அழுத்தாத மறைப்பினை அணிந்து, அதனுள்ளே இமையைத் திறந்து வைத்திருத்தலும் பயன்தரும். பயிற்சி முதிர, மறைப்பின் தேவை குறையும்.

உருப்பெருக்கமும் கவனிக்கத்தக்கது. பொருளியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், பார்வைத்துண்டிலிருந்து வெளிப்படும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 60 மில்லிமீற்றர் பொருளியையுடைய கருவியில் 20 மடங்கு பெருக்கத்தின்போது அது 3 மில்லிமீற்றர். 60 மடங்கின்போது 1 மில்லிமீற்றர் மட்டுமே. கற்றை ஒடுங்க ஒடுங்க, தலை சற்றே அசையினும் காட்சி மறையும். கண்ணினுள் மிதக்கும் நுண்துகள்களின் நிழலும் புலப்படும். குறைந்த பெருக்கத்திற் பொருளைத் தேடி, வேண்டியவிடத்து மட்டும் பெருக்கத்தைக் கூட்டுதல் அறிவுடைமை.

கண்ணுக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையில் உரிய இடைவெளியும் வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிவோர் பார்வைத்துண்டின் விளிம்புறையைத் தாழ்த்திக்கொள்ளல் வேண்டும். அன்றேல், காட்சியின் ஓரங்கள் மறைபடும். குவியத்தைத் திருத்துமுன் வெறுங்கண்ணால் தொடுவானைச் சிறிது நேரம் நோக்கினால், கண்வில்லையை இயக்கும் தசை தளரும். அந்நிலையிலே தெளிவாகத் தோன்றும் காட்சியே களைப்புத் தராதது. முக்காலியின் உயரமும் கழுத்து வளையாத அளவினதாக இருத்தல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில் ஒற்றைப் பார்வைத்துண்டுடைய நுணுக்குக்காட்டியைக் கையாளும் மாணவர்க்கும் இவ்விதிகளுட் பல பொருந்தும். கண்ட பொருளை உள்ளவாறு குறித்தலே ஆராய்ச்சியின் அடிப்படை. களைத்த கண்ணோ, காணாததைக் கண்டதாகவும் கண்டதைக் காணாததாகவும் உரைக்கும். ஆகையால், நோக்குவோர் தம் கண்ணுக்கு அளிக்கும் ஓய்வு, உண்மைக்கு ஆற்றும் தொண்டேயாகும்.