கீமோ நடக்கும்போது வாக்கிங் போகலாமா? 'ரெஸ்ட் எடு' அட்வைஸ் மாறியது ஏன்?

வீட்டில் ஒருவருக்கு கேன்சர் என்றதும் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது, "ஒண்ணும் செய்யாதே, நல்லா படுத்து ரெஸ்ட் எடு" என்பதுதான். ஒரு காலத்தில் டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். இப்போது நிலைமை தலைகீழ். குணப்படுத்தும் நோக்கத்தில் சிகிச்சை பெறுபவர்களுக்கு, சிகிச்சை நடக்கும்போதே நடைப்பயிற்சி போன்றவற்றையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளையும் டாக்டர்கள் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோவின் 2022 வழிகாட்டுதல்.

சோர்ந்து கிடப்பவரை நடக்கச் சொல்வதா?

கேட்க கொஞ்சம் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் கேன்சர் சோர்வு, தூங்கி எழுந்தால் போய்விடும் சோர்வு அல்ல. படுத்தே இருந்தால் தசை கரையும். தசை கரைந்தால் பாத்ரூம் வரை போய் வருவதே பெரிய வேலையாகிவிடும். அதனால் இன்னும் அதிகம் படுப்பார்கள். இந்தச் சுழலை உடைப்பதுதான் உடற்பயிற்சியின் வேலை. சோர்வு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை குறைவதற்குப் பல ஆய்வுகளில் ஆதாரம் இருக்கிறது.

ஆயுளும் கூடுமா?

இங்கேதான் 'சேலஞ்ச்' ஆய்வு வருகிறது. 2025-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகள் இதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு உடல்நலம் பற்றிய கையேடு மட்டும். இன்னொரு பிரிவினருக்கு 3 ஆண்டுகள் பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி. 8 ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தவர்கள்: பயிற்சி செய்த பிரிவில் சுமார் 90%, கையேடு மட்டும் வாங்கிய பிரிவில் 83%.

வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் விட்டுப்போகும் ஒரு விஷயம்: இவர்கள் எல்லோரும் ஆபரேஷனும் கீமோவும் முடித்தவர்கள். மருந்துக்குப் பதிலாக யாரும் நடக்கவில்லை. தசை, மூட்டுப் பிரச்னைகளும் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கையேட்டிலும் நல்ல விஷயங்கள்தான் இருந்தன. வித்தியாசம், கூடவே ஒரு ஆள் இருந்து ஊக்கப்படுத்தியது. 'டெய்லி நடங்க' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது போதாது. பயிற்சியாளர் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்க மாட்டார். அந்த இடத்தை ஓரளவு நிரப்பக்கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். "போய் நட" என்பதற்கும் "வாம்மா, நானும் வர்றேன்" என்பதற்கும் நிறைய தூரம்.

எவ்வளவு செய்யலாம்?

2019-ல் சர்வதேச நிபுணர் குழு சொன்ன அளவு: வாரம் 3 நாள், தலா 30 நிமிடம் மிதமான பயிற்சி. கூடவே வாரம் 2 நாள் தசைப் பயிற்சி. முதல் நாளே அரை மணி நேரம் வேண்டாம். ஹாலிலோ மொட்டை மாடியிலோ 5 நிமிடம் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கீமோ ஏறிய மறுநாள் முடியவில்லையா? விட்டுவிடலாம், தப்பில்லை.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்களிடம் "கை வீங்கிடும், குடத்தைக்கூட தூக்காதே" என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டித் தூக்கிய பெண்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை என்று 2009-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் முறையாகக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

எப்போது கூடாது?

காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி, புதிதாக மூச்சுத்திணறல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டருக்கு போன் செய்யுங்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமான ஜிம் வேண்டாம். கையில் பிக் லைன் போட்டிருந்தால் நீச்சல் கூடாது. எலும்புக்குப் பரவியிருந்தாலோ, பிளேட்லெட் குறைவாக இருந்தாலோ, எந்தப் பயிற்சி என்பதை டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது பிளட் ரிப்போர்ட்டோடு இதையும் கேட்டுவிட்டு வாருங்கள்: "இந்த கவுன்ட்டுக்கு நான் எவ்வளவு நடக்கலாம் டாக்டர்? பிசியோதெரபிஸ்ட் யாரையாவது பார்க்கணுமா?"