நிற்கும் வண்டியும் தேயும்
மழைக்காலத்தில் வெளியே விடும் வாகனத்தைக் காப்பாற்றும் வழிகள்

"வண்டி சும்மாதானே நிக்குது, அதுக்கு என்ன செலவு?" தோட்டங்களில் நாம் சந்திக்கும் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். ஓடினால் டயர் தேயும், பெற்றோல் செலவாகும். நின்றால் எல்லாம் மிச்சம் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மை அப்படியல்ல. கூரையில்லாமல் வெளியே நிற்கும் வாகனம், ஒழுங்காக ஓடும் வாகனத்தை விடச் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

இதை நாம் எழுதக் காரணம் உண்டு. எமது பிள்ளைகள் பலர் கொழும்பில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், சிறிய வேன் வைத்து சாமான் ஏற்றுகிறார்கள். அப்பாவின் சேமலாப நிதிப் பணம், அம்மாவின் அடகு வைத்த தாலிக்கொடி, மீதிக்கு லீசிங் என்று சேர்த்து வாங்கிய வண்டி அது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு கராஜ் எங்கே கிடைக்கும்? வண்டி ஒழுங்கை ஓரத்தில்தான் நிற்கும். தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ வீட்டுக்கு வந்தால், இரண்டு மூன்று கிழமை அப்படியே நிற்கும். தோட்டத்துக்குக் கொண்டுவந்தாலும் லயத்துக்குப் பக்கத்தில் மழையிலும் பனியிலும்தான் நிற்கும்.

நாடே வண்டியை நிறுத்திய நாட்கள்

வாகனம் நின்றால் என்ன ஆகும் என்பதை அண்மைக் காலத்தில் நாடு முழுவதும் இரண்டு தடவை பார்த்துவிட்டது. கொரோனாவுக்காக 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் வந்தது. கொழும்பு மாவட்டத்தில் மே 26ஆம் திகதி வரை அது பகலிலும் நீடித்தது. இரண்டு மாதத்துக்கு மேல் பெரும்பாலான வண்டிகள் அசையவில்லை. பின்பு 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. அந்த வருடம் ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது, முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் ஆரம்பத்தில் கிடைத்தது.

இவ்வாறு நின்ற வண்டிகளைத் திரும்ப எடுக்கும்போது பெட்டரி செத்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும், வயரை எலி கடித்திருக்கும். புது வண்டி வாங்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவும் பெரிய வரியோடு. ஆகவே கையில் இருக்கும் வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதே எமக்கு இலாபம்.

எமது எதிரி யார்?

கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்துக்கு முன் வண்டியைப் பத்திரப்படுத்துவார்கள். அங்கே எதிரி உறைபனி. சார்ஜ் இறங்கிய பெட்டரி உறைந்து வெடிக்கும். வீதிப் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு வண்டியின் அடித்தகட்டைத் தின்னும்.

கொழும்பில் உறைபனி இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது. அதை யாரும் தூவ வேண்டியதில்லை, கடலே தூவிவிடும். வெள்ளவத்தையில் முதலில் கடல், அடுத்து ரயில் பாதை, அடுத்து மரைன் டிரைவ், பிறகு காலி வீதிக்கு ஏறும் ஒழுங்கைகள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது, கடல் நீரின் நுண்துளிகள் ரயில் பாதையையும் தாண்டி உள்ளே வரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் தகரம் துருப்பிடிக்கும். காலையில் கண்ணாடியைக் கையால் தடவிப் பாருங்கள், பிசுபிசுவென்று இருக்கும். அதுதான் உப்பு.

கொட்டாஞ்சேனையும் துறைமுகத்துக்குப் பக்கம்தான், உப்புக்காற்று அங்கேயும் உண்டு. ஆனால் ஜம்பட்டா வீதிப் பக்கத்து நெருக்கமான ஒழுங்கைகளில் வேறு இரண்டு தொல்லைகளும் இருக்கின்றன: கான் நீரும் எலியும். கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிகம் பெய்வது மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான்.

மலைநாட்டில் உப்பு இல்லை, ஈரம் உண்டு. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் வடகீழ் பருவமழை. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல் வெளுக்கும் அளவுக்குப் பனி பெய்யும். கீழே சொல்வது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

நிறுத்தும் இடம்

கடலை நேரே பார்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டாம். மதிலோ கட்டடமோ காற்றை மறைக்கும் பக்கம் நல்லது. தென்னைக்குக் கீழே நிறுத்தவே கூடாது, ஒரு தேங்காய் விழுந்தால் கண்ணாடி போய்விடும். மா, பலா மரங்களின் பாலும் பறவை எச்சமும் பெயின்டை அரிக்கும். புல் தரையும் மண் தரையும் கீழிருந்து ஈரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சீமெந்துத் தரை கிடைக்காவிட்டால் டயருக்குக் கீழே பலகை போடுங்கள். கான் நிரம்பி வழியும் பள்ளத்தைத் தவிருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கங்களில் எவ்வளவு வாகனங்கள் தண்ணீருக்குள் போயின என்பது பலருக்கு நினைவிருக்கும். தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். அப்படியே இழுத்துக்கொண்டு கராஜ் பாஸிடம் காட்டுங்கள்.

கழுவி, காயவைத்து, பிறகு மூடுங்கள்

வண்டியை விட்டுப் போவதற்கு முந்திய நாள் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மேலே பளபளப்பாக்கினால் போதாது. மட்காட்டுக்கு உள்ளே, கதவின் அடி ஓரம், அடித்தகடு ஆகிய இடங்களில்தான் உப்பும் சேறும் ஒளிந்திருக்கும். கழுவிய பின் வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். காய்ந்த பின் மெழுகு பூசினால் இன்னும் நல்லது. அடித்தகட்டுக்குப் பழைய கறுப்பு ஒயில் அடிப்பது எமது ஆட்களின் வழக்கம். அது இறப்பர் பாகங்களைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, மழையில் கரைந்து கிணற்றுக்கும் போகும். துருத்தடுப்புப் பூச்சு அடிப்பதே சரி.

அடுத்தது மூடுவது. பொலித்தீனையோ தார்ப்பாயையோ வண்டியோடு ஒட்டிக் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் வேர்த்து வடியும். சீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றில் படபடவென்று அடித்து பெயின்டையும் தேய்க்கும். காற்றுப் போகக்கூடிய துணி உறை நல்லது. தார்ப்பாய்தான் இருக்கிறது என்றால், நான்கு கம்பு நட்டுப் பந்தல் மாதிரி வண்டிக்கு மேலே சரிவாகக் கட்டுங்கள். மழையில்லாத நாளில் உறையைக் கழற்றிக் காற்றாட விடுங்கள்.

உறையின் மடிப்பில் தண்ணீர் தேங்கினால் அது டெங்கு நுளம்புக்குத் தொட்டில். 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். கழற்றிப் போட்ட பழைய டயர், வண்டியோரம் கிடக்கும் யோகட் கோப்பை எல்லாவற்றையும் அகற்றுங்கள். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பெட்டரி

ஓடாத வண்டியில் முதலில் சாவது பெட்டரிதான். மணிக்கூடும் அலாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் சூட்டில் அது தானாக இறங்கும். முழுச் சார்ஜ் உள்ள பெட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். இறங்கியபடியே பல நாள் கிடந்தால், உள்ளே இருக்கும் ஈயத் தட்டில் படிவு இறுகி, பிறகு சார்ஜ் பிடிக்காது.

இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் என்றால் வயரைக் கழற்றி விடுங்கள். முதலில் கழற்ற வேண்டியது மைனஸ் வயர். திரும்பப் பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த ஒழுங்கு மாறினால் ஸ்பேனர் தகட்டில் பட்டுத் தீப்பொறி பறக்கும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் பெட்டரி வோட்டர் மட்டும் ஊற்றுங்கள், பைப் தண்ணீர் கூடாது.

பெட்டரியை லயத்து அறைக்குள் வைத்துச் சார்ஜ் பண்ணவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய வாயு வெளிவரும். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டயரும் பிரேக்கும்

ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் டயர் அந்தப் பக்கம் தட்டையாகும். விடுவதற்கு முன் வழக்கத்தை விடச் சற்றுக் கூடக் காற்று அடியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை யாராவது நம்பிக்கையானவரைக் கொண்டு வண்டியை ஓர் அடி உருட்டச் சொல்லுங்கள். வெயில் படும் டயருக்குச் சாக்கு போட்டு மறையுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுப் போனால், ஈரத்தில் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மட்டமான தரையில் கியரில் போட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து விட்டால் போதும். சரிவான தரையில் நெடுநாள் விட வேண்டாம். ஜேக் மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்குக் கீழே ஒருவரும் படுக்கக் கூடாது.

பெற்றோலும் எஞ்சினும்

டேங்க் பாதியாக இருந்தால், மேலே உள்ள வெற்றிடத்தில் இரவுக் குளிருக்கு நீர் படிந்து பெற்றோலோடு கலக்கும். ஆகவே நிரப்பி விடுவது நல்லது. பெற்றோல் குழாய் உள்ள மோட்டார் சைக்கிளிலும் பழைய முச்சக்கர வண்டியிலும் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் காபரேட்டரில் பிசின் பிடிக்காது.

அதற்காக வீட்டில் கேன்களில் பெற்றோல் சேர்க்க வேண்டாம். 2022 வரிசைக் காலத்தில் அந்தப் பழக்கம் பலருக்கு வந்தது. ஒரு கூரையின் கீழ் பத்துக் குடும்பம் இருக்கும் லயத்தில், ஒரு கேன் பற்றினால் பத்து வீடும் போய்விடும்.

ஒயில் பழசாக இருந்தால் மாற்றிவிட்டு நிறுத்துங்கள். "தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும்" என்பார்கள். அது சரியல்ல. எஞ்சின் நன்றாகச் சூடாகாமல் நிறுத்தினால், சைலன்சரிலும் ஒயிலிலும் தண்ணீர்தான் சேரும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 20 நிமிடம் ஓட்டுவதே மேல். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகையில் உள்ள நஞ்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கும் பிள்ளையை எழுப்பாமலே கொன்றுவிடும்.

எலி

சோற்றுப் பருக்கை, பிஸ்கட் துண்டு, கோயில் பிரசாதம் ஒன்றையும் வண்டிக்குள் விடாதீர்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, மறக்காமலிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்டுங்கள். திரும்பி வந்ததும் சாவியைப் போடுவதற்கு முன் எஞ்சின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கொழும்பில் பூனை படுத்திருக்கும், தோட்டத்தில் பாம்பும் இருக்கலாம். எலிக் கூட்டை வெறுங்கையால் எடுக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரால்தான் பரவுகிறது.

கடதாசிகளும் காயக் கூடாது

வண்டி நின்றாலும் லீசிங் நிற்காது. 2020இல் முச்சக்கர வண்டிகளுக்கு ஆறு மாத லீசிங் சலுகை கொடுத்தபோது, பலர் அதைக் கடன் மன்னிப்பு என்று எண்ணிவிட்டார்கள். அது வெறும் தள்ளிவைப்புத்தான். கட்ட முடியாத மாதம் வருகிறது என்று தெரிந்தால், தவணை தப்புவதற்கு முன்பே கம்பனிக்குப் போய்ப் பேசி, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். ஒளிந்தால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் முடியும் திகதியை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். நெடுநாள் ஓட்டப்போவதில்லை என்றால் செய்ய வேண்டியதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம்.

திரும்ப எடுக்கும்போது

1. சைலன்சர் துணியை எடுங்கள்.
2. வயர்களையும், கீழே ஒயில் ஒழுகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.
3. பெட்டரியைப் பூட்டுங்கள்.
4. டயர்க் காற்றை அளவாக்குங்கள்.
5. ஸ்டார்ட் பண்ணிய பின் மெதுவாக நகர்த்தி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை பிடித்துப் பாருங்கள். பிடிக்கிறது என்று உறுதியான பிறகே ஆள் ஏற்றுங்கள்.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு நாள் வேலையும், பிறகு கிழமைக்குப் பத்து நிமிடமும். கொழும்பில் வண்டி வைத்திருக்கும் பிள்ளை அடுத்த தடவை தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு "வண்டி எங்க நிக்குது, மூடினியா?" என்றும் கேளுங்கள். மே மாத மழைக்கு முன் ஒரு தடவை, தீபாவளிக்கு முன் ஒரு தடவை கேட்டாலே பாதி வண்டிகள் தப்பும்.