பழைய டில்லருக்குப் புது எஞ்சின்

எங்க பவர் டில்லரில் எஞ்சின்தான் தேய்ந்துபோச்சு. கியர்பாக்ஸ் திடமாக இருந்தது. வண்டியையே காயலான் கடைக்கு அனுப்ப மனசில்லாமல் எஞ்சினை மட்டும் மாற்றினோம்.

பழையது நிமிஷத்துக்கு 1500 சுற்று, புதுசு 2000. அதே 8 அங்குல புல்லியைப் போட்டால் ரொட்டவேட்டர் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்; கியர்பாக்ஸ் சீக்கிரம் போகும், பொலபொலப்பான மண்ணும் புழுதியாயிடும். 6 அங்குல புல்லி மாட்டினதும் பழைய வேகமே வந்தது.

போல்ட் துளை பொருந்தாததால் நடுவில் இரும்புத் தகடு வைத்தோம். புல்லிகள் நேராக இருக்கான்னு நூல் பிடித்துப் பாருங்க. கோணினால் பெல்ட் தேஞ்சிடும்.

செல்ஃப் ஸ்டார்ட்டருக்குத் தடித்த கேபிள் வேணும். எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிட்டு இறுக்குங்க. இல்லேன்னா செல்ஃப் இழுக்காது.

குதிரைத்திறனைக் கேட்கும் முன்னாடி சுற்று வேகத்தைக் கேளுங்க. மண்ணைக் காப்பது அதுதான்.