கேமரா இப்பவே வாங்கலாமா, அடுத்த மாடல் வரட்டும்னு காத்திருக்கலாமா? முகூர்த்த கேலண்டர் சொல்லும் கணக்கு

"இப்ப வாங்காத மச்சி, இன்னும் மூணு மாசத்துல அடுத்த மாடல் வருது."

கேமரா வாங்கப் போறேன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொன்ன அடுத்த நிமிடமே வந்து விழும் பதில் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அடுத்த மாடல் எப்போதுமே வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால், அந்த மூன்று மாதத்துக்குள் கையில் நான்கு கல்யாண ஆர்டர் இருந்தால்?

வார நாட்களில் ஐடி வேலை, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கேமரா என்று ஓடுபவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கியவர்களும் உண்டு. இவர்கள் வாங்க நினைக்கும் ஃபுல் ஃபிரேம் கேமரா, ஒரு நல்ல லென்ஸோடு சேர்த்தால் சாதாரணமாகவே 2 லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். பைக்கை விட அதிகம். அதுவும் பெரும்பாலும் இஎம்ஐ-யில். அவசரப்பட்டு வாங்கினாலும் நஷ்டம், தயங்கிக்கொண்டே இருந்தாலும் நஷ்டம். இதில் எந்த நஷ்டம் பெரிது என்பதுதான் கேள்வி.

காத்திருந்தவர்களுக்கு என்ன ஆனது?

காத்திருந்தது சரியாகப் போன கதை ஒன்று இருக்கிறது. 2018-ல் நிக்கான் இசட்6 மற்றும் இசட்7, கேனன் ஈஓஎஸ் ஆர் ஆகிய மிரர்லெஸ் கேமராக்கள் வந்தன. மூன்றிலுமே மெமரி கார்டு போட ஒரே ஒரு ஸ்லாட்தான். டிராவல் போட்டோ எடுப்பவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. கல்யாண போட்டோகிராபருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். தாலி கட்டும் நேரத்தில் கார்டு மக்கர் செய்தால், 'இன்னொரு தடவை கட்டுங்க சார்' என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவாக வேண்டும். 2020-ல் வந்த கேனன் ஆர்6, நிக்கான் இசட்6 மார்க் 2 இரண்டிலும் இரண்டு ஸ்லாட் வந்தது. காத்திருந்தவர்களுக்கு உண்மையான லாபம். (அதே 2018-ல் வந்த சோனி ஏ7 மார்க் 3-ல் முதலிலிருந்தே இரண்டு ஸ்லாட் இருந்தது. பலர் சோனி பக்கம் தாவியதற்கு இதுவும் ஒரு காரணம்.)

இன்னொரு கதை நேர் எதிர். கேனன் 5டி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாடல் 2005, மார்க் 2 வந்தது 2008, மார்க் 3 வந்தது 2012, மார்க் 4 வந்தது 2016. மூன்று, நான்கு வருடத்துக்கு ஒன்று. அப்படியானால் 2020-ல் மார்க் 5 வரத்தானே வேண்டும்? அந்த நம்பிக்கையில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஆர்5. அது டிஎஸ்எல்ஆர் இல்லை, மிரர்லெஸ். லென்ஸ் மாட்டும் மவுன்ட்டே வேறு. 5டி மார்க் 5 வரவே இல்லை.

நிக்கான் ரசிகர்களின் அனுபவம் இன்னும் மோசம். 2016 பிப்ரவரியில் டிஎல் என்ற பெயரில் மூன்று சிறிய கேமராக்களை நிக்கான் அறிவித்தது. வெளியீடு தள்ளிப்போனது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2017 பிப்ரவரியில், மூன்றையும் மொத்தமாகக் கைவிட்டுவிட்டோம் என்று அறிவிப்பு வந்தது. இது வதந்தி அல்ல, கம்பெனியே அதிகாரபூர்வமாக அறிவித்த மாடல்களுக்கு நடந்தது. 'லீக் ஆகியிருக்கு ப்ரோ' என்று யூடியூபில் வரும் மாடலை நம்பி ஆர்டரை விடலாமா என்பதை இதை வைத்தே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு மாடலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியாவது ஒரு கணக்கில் இருக்கிறதா? சோனி ஏ7 முதல் மாடலுக்கும் இரண்டாவதுக்கும் ஒரு வருடம்தான் இடைவெளி. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மூன்று வருடத்துக்கு மேல். மூன்றிலிருந்து நான்குக்கு (2021 அக்டோபர்) மூன்றரை வருடத்துக்கு மேல். நிக்கான் இசட்6 மார்க் 2-லிருந்து மார்க் 3 வரவும் (2024 ஜூன்) அதே மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. ஆக, இடைவெளி நீண்டுகொண்டே வந்திருக்கிறது. ஒரு கேமரா வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்றால், அடுத்ததற்காகக் காத்திருப்பதில் அர்த்தம் குறைவு. மூன்று வருடம் தாண்டிவிட்டது என்றால் கொஞ்சம் நிதானிக்கலாம்.

புது மாடலில் அப்படி என்னதான் மாறுகிறது?

மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். 2018-ன் சோனி ஏ7 மார்க் 3-ல் 24.2 மெகாபிக்சல். 2024-ன் நிக்கான் இசட்6 மார்க் 3-ல் 24.5. ஆறு வருட இடைவெளியில் வித்தியாசம் அவ்வளவுதான், அது போதவும் செய்கிறது. நம் ஊர் கல்யாண ஆல்பத்தில் அதிகம் ஓடும் 12×36 அளவை எடுத்துக்கொண்டால், விரித்து வைத்த ஆல்பத்தில் ஒரு பக்கம் 12×18 அங்குலம். 300 டிபிஐ-யில் பிரின்ட் எடுக்க அதற்குத் தேவை 3,600×5,400 பிக்சல், அதாவது 20 மெகாபிக்சலுக்கும் கொஞ்சம் குறைவு. 24 மெகாபிக்சல் படம் தாராளம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படத்தை விரிக்கும்போது மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அதையும் ஒரு கை தூரத்தில் வைத்துப் பார்க்கும் மாமாவும் அத்தையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

உண்மையான மாற்றம் வேறு இடத்தில் நடந்திருக்கிறது. ஓமப் புகைக்கு நடுவே மணப்பெண்ணின் கண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆட்டோஃபோகஸ் ஒன்று. இன்னொன்று, மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி வால். சத்தம் வராமல் இருக்க எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால், எல்இடி விளக்கு வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதும், அதற்குள் விளக்கு பலமுறை மின்னி அணைவதும்தான் காரணம். வேகமாகப் படிக்கும் சென்சார் உள்ள புது கேமராக்களில் இந்தத் தொல்லை குறைவு. நிக்கான் இசட்9, இசட்8 இரண்டிலும் சென்சார் அவ்வளவு வேகம் என்பதால் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது.

இப்போது கையில் இருக்கும் கேமராவால் எந்த ஆர்டர் கைவிட்டுப் போகிறது? பார்ட்டி 4கே வீடியோ கேட்டு, கொடுக்க முடியாமல் போனதா? ரிசப்ஷனில் பத்துக்கு நான்கு படம் ஃபோகஸ் தவறுகிறதா? இதற்குப் பதில் 'ஆமாம்' என்றால் பேச்சு வேறு. 'அப்படி ஒண்ணும் இல்ல, ஆனா புதுசு நல்லா இருக்கு' என்றால், காத்திருக்கலாம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும்.

வாடகைக் கணக்கு

முதல் கேமராவே இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள், அதுவரை வாடகைக் கேமராவில் ஓட்டுகிறீர்கள் என்றால் கணக்கு இன்னும் தெளிவு. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனால் கேமரா வாடகைக்கு விடும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. மற்ற ஊர்களிலும் வந்துவிட்டன.

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். கேமரா பாடி விலை 2 லட்சம். மூன்று வருடம் கழித்து விற்றால் 80,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த கேமரா உங்களுக்கு வருடத்துக்கு 40,000 செலவு வைக்கிறது. அதே கேமராவின் ஒரு நாள் வாடகை 2,500 என்றால், 40,000 ரூபாய்க்கு 16 நாள் வாடகைக்கு எடுக்கலாம். நம் ஊர்க் கல்யாணத்தில் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் வாடகை. ஆக, வருடத்துக்கு எட்டு கல்யாணத்துக்குக் குறைவாகச் செய்பவருக்கு வாடகையே லாபம். எட்டைத் தாண்டினால் சொந்தக் கேமரா. உங்கள் ஊர் வாடகை, உங்கள் கேமராவின் விலையைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கான எண் கிடைத்துவிடும்.

இதே கணக்கில் காத்திருப்புக்கும் ஒரு விலை வரும். புது மாடல் வந்ததும் விலை 25,000 குறையும் என்று நம்பி ஆறு மாதம் தள்ளிப்போடுகிறீர்கள். அந்த ஆறு மாதத்தில் பத்து கல்யாணம் இருந்தால் 20 நாள் வாடகை, 50,000 ரூபாய். 25,000 மிச்சப்படுத்த 50,000 செலவு! அந்த ஆறு மாதத்தில் இருப்பது ஒரே ஒரு நிச்சயதார்த்தம் என்றால் வாடகை 2,500-தான், தாராளமாகக் காத்திருக்கலாம். கேமரா அதேதான், விலையும் அதேதான். மாறியது டைரியில் இருக்கும் தேதிகள் மட்டும்.

விலை குறையுமா?

புது மாடல் வந்தவுடன் பழைய மாடலுக்கு ஆஃபர் வருவது வழக்கம். காத்திருக்க நல்ல காரணம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: புதியதை வாங்க அல்ல, புதியது வந்ததும் பழையதை வாங்க. புது மாடலை முதல் மாதமே வாங்குபவர் முழு விலையும் கொடுக்கிறார், அதன் குறைகளுக்கும் அவரே முதல் பரிசோதகர். 2020-ல் கேனன் ஆர்5 வந்தபோது 8கே வீடியோவில் சூடாகி நின்றுபோகிறது என்ற புகார் உலகம் முழுக்க ஓடியது. பிறகு ஃபர்ம்வேர் அப்டேட்டில் ஓரளவு சரிசெய்தார்கள்.

ஆனால் விலை எப்போதும் கீழேதான் போகும் என்று நினைக்க வேண்டாம். இங்கே விற்கும் இந்த கேமராக்கள் இறக்குமதி ஆகிறவை. 2018 ஆகஸ்டில் டாலர் முதன்முறையாக 70 ரூபாயைத் தாண்டியது. 2022-ல் 80-ஐத் தாண்டியது. ரூபாய் சரிந்தால் கேமரா விலை ஏறும். 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமாமோட்டோவில் வந்த நிலநடுக்கம் சோனியின் சென்சார் தொழிற்சாலையை நிறுத்தியது. 2021 இறுதியில் சிப் தட்டுப்பாட்டால் சில மாடல்களுக்கு ஆர்டர் எடுப்பதையே சோனி நிறுத்திவைத்தது. ஃபுஜிஃபில்மின் எக்ஸ்100வி சமூக வலைதளங்களில் பிரபலமானதும், பழைய கேமராவே புதியதன் விலையைத் தாண்டி விற்ற கூத்தும் நடந்தது.

வரி? டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2018 டிசம்பரில் கவுன்சில் அதை 18 ஆக்கியது, 2019 ஜனவரி 1 முதல் அமல். 2025 செப்டம்பரில் டிவி, ஏசி வரி 28-லிருந்து 18 ஆனபோது கேமராவுக்கும் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கேமரா ஏற்கெனவே அந்த 18-ல்தான் இருந்தது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போடச் சொல்லி வாங்கினால் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். 2 லட்ச ரூபாய் பில்லில் அது சுமார் 30,000. எந்த ஆஃபரும் இவ்வளவு தராது.

அப்போ எப்போதான் வாங்குவது?

ஆடி! ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆடியில் வேலை இருக்காது, கடைகளில் தள்ளுபடி இருக்கும், அடுத்து ஆவணி சீசன் தொடங்க ஒரு மாத அவகாசம் இருக்கும். புது கேமராவின் மெனு கைக்குப் பழக அந்த ஒரு மாதம் ரொம்ப முக்கியம். சீசன் நடுவில் வாங்கி, முகூர்த்த நேரத்தில் எந்த பட்டன் எங்கே என்று தேடுவதைப் போன்ற அவஸ்தை வேறில்லை. 'ஆடியில புதுசு வாங்கக்கூடாது' என்று வீட்டில் சொன்னால், ஆடிப்பெருக்கு அன்று வாங்கிவிடலாம்.

வருமான வரிக் கணக்கில் கேமராவைத் தேய்மானமாகக் காட்டுபவர்களுக்கும் ஆடி வசதி. நிதியாண்டில் 180 நாளாவது பயன்படுத்தியிருந்தால்தான் முழுத் தேய்மானம், இல்லையென்றால் பாதி. தீபாவளி ஆஃபர் வரை தள்ளினால் அந்த வருடத்துக்குப் பாதிதான் கிடைக்கும்.

பணம் குறைவாக இருந்தால் முதலில் லென்ஸ். பாடி மூன்று வருடத்தில் பழசாகும், நல்ல லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. 1987-ல் அறிமுகமான கேனன் ஈஎஃப் மவுன்ட் லென்ஸ்கள் இன்றைய ஆர் வரிசை கேமராவிலும் அடாப்டர் போட்டால் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கின்றன. நிக்கானில் கவனம் தேவை. ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் பொருந்தும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருக வேண்டும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் வட்டியே இல்லை என்று அர்த்தம் அல்ல. வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டில் போட்டால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, பிராசஸிங் ஃபீஸ் இரண்டும் தனியாக வரும். பட்ஜெட் போடும்போது மெமரி கார்டையும் மறக்க வேண்டாம். கேனன் ஆர்6 மார்க் 2-ல் இரண்டு ஸ்லாட்டும் சாதாரண எஸ்டி. நிக்கான் இசட்6 மார்க் 3-ல் ஒரு ஸ்லாட்டுக்கு விலை கூடிய சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு வேண்டும். புது கேமராவின் 10 பிட் வீடியோவை பழைய லேப்டாப்பில் எடிட் செய்ய உட்கார்ந்தால் அது திணறும். அங்கே இன்னொரு செலவு காத்திருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஷட்டர் கவுன்ட் பார்த்தே ஆக வேண்டும். நிக்கான் டி850-ன் ஷட்டர் 2 லட்சம் கிளிக் வரை சோதிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்றால் அது 66 கல்யாணம். விற்பவர் கல்யாண போட்டோகிராபர் என்றால் முதல் கேள்வியே எத்தனை சீசன் ஓடியது என்பதாக இருக்கட்டும். ஒரிஜினல் பில், இந்திய வாரன்டி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். போகும்போது சொந்தமாக இரண்டு மெமரி கார்டு எடுத்துப்போய், இரண்டு ஸ்லாட்டிலும் போட்டு நூறு படமாவது எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.